மகள் ஆங்கிலத்தில் பேச, அம்மா என்ன செய்யலாம்?



குழுவில் கடன் வாங்கி மகளை நர்சிங் படிக்க வைத்த அம்மாக்கள் நம்மில் பலர். மகள் இங்கிலாந்து போன்ற நாட்டுக்கு வேலைக்குப் போக ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு எழுதலாம். அதில் பேசுதல் பகுதிக்குத்தான் பிள்ளைகள் ரொம்பப் பயப்படுகிறார்கள். "எனக்கே இங்கிலீஷ் தெரியாது, நான் என்னத்தச் சொல்லிக் கொடுக்க?" என்று ஒதுங்க வேண்டாம். இதில் நம் வேலையும் இருக்கிறது.

தேர்வு எப்படி நடக்கும்?

மொத்தம் 11 முதல் 14 நிமிடம். பேச்சு பதிவு செய்யப்படும்.

- முதல் பகுதி, 4–5 நிமிடம்: ஊர், வீடு, படிப்பு பற்றிய கேள்விகள்.
- இரண்டாம் பகுதி: ஓர் அட்டையில் தலைப்பு தருவார்கள். 1 நிமிடம் யோசித்துக் குறிப்பு எடுக்கலாம். பிறகு 2 நிமிடம் வரை பேச வேண்டும்.
- மூன்றாம் பகுதி, 4–5 நிமிடம்: அதே தலைப்பை ஒட்டி "ஏன்?", "எப்படி?" என்ற கேள்விகள்.

மதிப்பெண் எதற்கு?

தடங்கல் இல்லாத கோர்வையான பேச்சு, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம மதிப்பு. வெள்ளைக்காரர் மாதிரி பேசத் தேவையில்லை. சொல்வது தெளிவாகப் புரிந்தால் போதும்.

வீட்டில் பயிற்சி

1. தினமும் ஒரு தலைப்பு கொடுங்கள்: பொங்கல், ஊர்ச் சந்தை, பிடித்த டீச்சர். கடிகாரம் பார்த்து 1 நிமிடம் யோசிக்க விடுங்கள். பிறகு 2 நிமிடம் பேசச் சொல்லுங்கள்.

2. பாதியில் நின்றால் "அப்புறம்? ஏன்? யாரோட?" என்று கேளுங்கள். "யெஸ்" என்று நிறுத்தாமல், "யெஸ், பிகாஸ்..." என்று காரணம் சொல்லப் பழகட்டும்.

3. போனில் பதிவு செய்து இருவரும் கேளுங்கள். எங்கே திக்குகிறாள் என்பது நம் காதுக்கே தெரியும்.

4. மனப்பாடம் வேண்டாம். பிள்ளை ஒப்பிக்கிறாளா, பேசுகிறாளா என்று நமக்கே தெரிகிறதே, தேர்வு நடத்துபவருக்குத் தெரியாதா?

5. கேள்வி புரியாவிட்டால் "குட் யூ ரிபீட் த கொஸ்டின், ப்ளீஸ்?" என்று கேட்கலாம். தப்பில்லை.

பணம் கட்டும் முன்

நர்சுகளுக்கு ஓ.இ.டி. என்ற வேறு தேர்வும் உண்டு. போகும் நாட்டில் எந்தத் தேர்வு, எத்தனை மதிப்பெண் என்று முதலில் விசாரியுங்கள். இங்கிலாந்தில் நர்சாகப் பதிவு செய்ய, ஐ.இ.எல்.டி.எஸ். பேசுதலில் 9க்கு 7 வேண்டும். முடிவுகள் பொதுவாக 2 வருடம்தான் செல்லும். அவசரப்பட்டு எழுத வேண்டாம். "பணம் கொடுங்க, தேர்வு எழுதாமலே சர்டிபிகேட் வாங்கித் தரேன்" என்பவர் ஏமாற்றுக்காரர். பணமும் போகும், மகளின் எதிர்காலமும் போகும்.

குழுவில் செய்வோம்

முதன்முதலில் பேங்க் மேனேஜர் முன்னால் நமக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டதுதானே? கூட்டத்தில் பேசிப் பேசித்தான் பழகினோம். தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளை அடுத்த கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். ஆளுக்கு 2 நிமிடம் ஆங்கிலத்தில் பேசட்டும். பத்துப் பேர் முன்னால் பேசிய பிள்ளை, ஒருவர் முன்னால் தைரியமாகப் பேசுவாள்.