பாட்டு, சினிமா, டி.வி. – பரவை முனியம்மா வாழ்க்கை தரும் பாடம்



2003-ல் வந்த ‘தூள்’ படத்தில், சண்டைக் காட்சியில் கணீரென்று பாடிய பாட்டியை நாம் மறந்திருக்க மாட்டோம். அவர்தான் பரவை முனியம்மா. மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் பரவைதான் ஊர்.

கோயில் திருவிழா மேடைகளில் நாட்டுப்புறப் பாட்டுப் பாடி வந்தவர், பாட்டி வயதில் சினிமாவுக்கு வந்தார். ‘தமிழ்ப்படம்’, ‘மான் கராத்தே’ என்று பல படங்களில் நடித்தார். டி.வி.யில் கிராமத்துச் சமையலும் செய்து காட்டினார். ‘இந்த வயசுல நமக்கு என்ன வரும்?’ என்று நம்மில் சிலர் சொல்கிறோமே, அவர்களுக்கு இது முதல் பாடம். நமக்குத் தெரிந்த பாட்டும் சமையலும்கூட ஒரு தொழில்தான்.

இரண்டாவது பாடம் கொஞ்சம் கனமானது. 2015-ல் உடம்பு முடியாமல் போனபோது, இவ்வளவு பேர் பெற்றவருக்கே கையில் காசில்லாத நிலை. அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா, 6 லட்சம் ரூபாயை அவர் பெயரில் வங்கியில் போட்டு, மாதாமாதம் வட்டி கிடைக்க ஏற்பாடு செய்தார். 2020 மார்ச் 29-ல் முனியம்மா காலமானார்.

இதில் அவர்மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. கலைஞர் வருமானமே அப்படித்தான். திருவிழா மாதத்தில் வரும், மழை மாதத்தில் நின்றுபோகும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் பீஸ் கணக்கில் தைக்கிற நமக்கும் அதே கதைதானே? ஆர்டர் வந்தால் காசு, இல்லாவிட்டால் கைமாற்று.

அந்த 6 லட்சத்தில் ஒரு வழி இருக்கிறது: முதலைத் தொடாமல் வட்டியில் வாழ்வது. அந்த முதலை நாம் சிறுகச் சிறுகச் சேர்க்கலாம்.

• தபால் நிலையத் தொடர் வைப்பு: மாதம் 100 ரூபாயிலேயே தொடங்கலாம். 5 வருடத்தில் 6,000 ரூபாய், அதற்கு மேல் வட்டி.
• அடல் பென்ஷன்: 18 முதல் 40 வயதுக்குள் சேர வேண்டும். 60 வயதுக்குப் பிறகு, கட்டும் தொகைக்கு ஏற்ப மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை.
• நல வாரியம்: தையல், வீட்டு வேலை, கட்டட வேலை, ஒவ்வொன்றுக்கும் தனி வாரியம் உண்டு. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு 2007-ல் வந்தது. பதிவைப் புதுப்பிக்க மறக்கக் கூடாது.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்:

1. நம் குழுவில் வாரியத்தில் பதியாதவர் யார் யார்?
2. வேலை நின்றால் எத்தனை மாதம் நம்மால் தாக்குப்பிடிக்க முடியும்?
3. பாட்டு, சமையல், கைவேலை – வெளியே தெரியாத திறமை யாரிடம் இருக்கிறது?