வீட்டுக் காய்கறிக்கு மலிவான கலங்கள்

1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி, அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, சென்னை மாகாணத்தில் கொல்லைகளிலும் காய்கறி பயிரிடும்படி சர்க்கார் வற்புறுத்தினர். கொல்லையில்லாதவர் என் செய்வது? 2013-14-இல் தமிழ்நாட்டு அரசு சென்னையிலும் கோயம்புத்தூரிலும் தொடங்கிய மாடித்தோட்டத் திட்டத்தில், பைகளும் தென்னைநார்க் கழிவுமே நிலத்தின் ஸ்தானத்தை வகித்தன.

ஆதலின் வடக்கனந்தல் வாசிகள் தொட்டிக்காகக் கடன்பட வேண்டுவதில்லை. கலத்தின் அழகைவிட ஆழமே முக்கியம். கீரைக்கும் கொத்தமல்லிக்கும் அரையடி போதும். மிளகாய், கத்தரி, தக்காளிக்கு ஓரடியேனும் வேண்டும்.

வாய் உடைந்த பானை வேரைக் குளிர்ச்சியாக வைக்கும். ஆயினும் ஈரம் சீக்கிரம் உலரும். எண்ணெய்த் தகரம் உறுதியானது. வெயிலில் சூடேறுமாதலால் மேற்கு வெயில் படாத இடத்தில் வைத்தல் நலம். சாக்கும் மூங்கிற்கூடையும் மலிவு. ஆனால் விரைவில் மக்கும். பழைய பிளாஸ்டிக் வாளி ஈரத்தைக் காக்கும்.

எக்கலமாயினும் அடியில் நாலைந்து துவாரமிட்டு, அவற்றின்மேல் ஓட்டுச்சில்லு வைக்கவேண்டும். துவாரமின்றேல் நீர் தேங்கி வேர் அழுகும். இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்புக.

பூச்சிமருந்து டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் உபயோகிக்கலாகாது. அதில் எஞ்சிய நஞ்சு மண்வழியே உணவிற் சேரக்கூடும். சில காசுகளுக்காகக் குழந்தைகளின் உடலைப் பணயம் வைப்பது சிக்கனமன்று.

முதலில் இரண்டே கலங்களில் முளைக்கீரை விதையுங்கள். ஏறக்குறைய 25 நாளில் பறிக்கலாம். அதன் பலனைக் கண்டபின் கலங்களைப் பெருக்கிக்கொள்ளலாம்.