ஒருமுறை எழுதுவோம், பலமுறை பயன்படுத்துவோம்

நிரல் எழுதி முடித்தவுடன் மென்பொருள் வேலை முடிந்துவிடுவதில்லை. எழுதிய நிரலைச் சேமிப்பகத்திலிருந்து எடுத்தல், வேண்டிய துணைநூலகங்களை நிறுவுதல், தொகுத்தல், சோதித்தல், பொதியாக்குதல், வழங்கியில் ஏற்றுதல் என ஆறு படிகள் பெரும்பாலும் உண்டு. இவை தாமாகவே ஒன்றன்பின் ஒன்றாக நடைபெறச் செய்யும் ஏற்பாட்டைப் பைப்லைன் என்பர். இப்படிகளைப் பல திட்டங்களுக்கும் பொதுவாக்குவது எவ்வாறு, அதில் கவனிக்க வேண்டியது யாது என்பதை இங்கு விளக்க முற்படுகிறேன்.

தொகுக்கும் படிகளை எழுதி வைத்தால் கணினியே அவற்றைச் செய்துகொள்ளும் என்பதை, 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய 'மேக்' கருவி காட்டிற்று. இன்று சிக்கல் வேறு. ஓரிடத்தில் இருபது திட்டங்கள் உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் அதே படிகளைப் படியெடுத்து வைத்தால், பைத்தானின் பதிப்பு மாறும்போது இருபது கோப்புகளைத் திருத்த வேண்டும். ஒன்று விடுபட்டாலும் அத்திட்டம் பழைய பதிப்பிலேயே நின்றுவிடும்.

இதற்குத் தீர்வு, படிகளைப் பொதுக்கோப்பு ஒன்றில் எழுதி, திட்டங்கள் அதனை அழைத்துக்கொள்வதாகும். ஜென்கின்ஸில் பகிர்வு நூலகமும், கிட்லேபில் 'இன்க்ளூட்' என்னும் கட்டளையும் இதற்கென உள்ளன. கிட்ஹப் இவ்வசதியை 2021இல் அளித்தது. திட்டத்திற்குத் திட்டம் மாறுபவற்றை மட்டும் உள்ளீடாகக் கொடுத்தால் போதும். ஆயினும், இரண்டு மூன்று திட்டங்களில் ஒரே படி திரும்ப வந்த பின்னரே அதைப் பொதுவாக்குதல் நலம். முன்கூட்டியே பொதுவாக்கினால் உள்ளீடுகள் பெருகிக் குழப்பமே மிஞ்சும்.

நம் காரைக்கால் காவிரியின் கடைமடை. தலைமடையில் கலந்த அழுக்கு கடைமடைக்கும் வந்து சேரும் என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொதுப்படியின் நிலையும் அதுவே. 2025 மார்ச்சில், 23,000க்கும் மேற்பட்ட சேமிப்பகங்கள் பயன்படுத்தி வந்த 'டிஜே-ஆக்ஷன்ஸ்' என்பாரின் பொதுப்படி ஒன்றில் தீய நிரல் புகுத்தப்பட்டது. அதன் பதிப்புப் பெயர்கள் அத்தீய நிரலையே சுட்டுமாறு மாற்றப்பட்டன. அதனால், அதை இயக்கிய சில திட்டங்களின் கடவுச்சாவிகள் பதிவேட்டில் அச்சாயின. பொதுச் சேமிப்பகமாயின் அப்பதிவேட்டை எவரும் படிக்கலாம்.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடங்கள் மூன்று. முதலாவது, பதிப்புப் பெயரை நம்பாமல், 40 இலக்கக் கம்மிட் அடையாளத்தையே குறிப்பிட வேண்டும். பெயரை வேறிடத்திற்கு மாற்றலாம், அடையாளத்தை மாற்ற இயலாது. இரண்டாவது, ஒரு படிக்குத் தேவையான சாவியை மட்டுமே அதற்குத் தர வேண்டும். மூன்றாவது, பொதுப்படியில் திருத்தம் செய்தால், முதலில் ஒரு திட்டத்தில் சோதித்த பின்னரே ஏனையவற்றிற்கு விட வேண்டும்.

பொதுவாக்குதல் உழைப்பைக் குறைக்கும், பொறுப்பைக் குறைக்காது. நாளை மென்பொருள் துறையில் நுழையவிருக்கும் மாணவ நண்பர்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக.