கையடக்க அடுப்புக்குக் கைவேலை

மலையேற்றத்துக்குத் தூக்கிப்போகும் சின்ன கேஸ் அடுப்புக்கு முதல் எதிரி காற்று. மறைப்பை விலை கொடுத்து வாங்க வேண்டாம். பார்சல் சாப்பாடு வரும் பெரிய அலுமினியத் தட்டே போதும். விளிம்பை நறுக்கிவிட்டு, அடிப்பகுதியை விசிறி மடிப்பாக மடித்துக்கொள்ளுங்கள். வெட்டிய ஓரம் கையைக் கிழிக்கும். அரை அங்குலம் மடக்கி, ஸ்பூனின் முதுகால் அழுத்தித் தேயுங்கள். துத்தநாகம் பூசிய தகரம் மட்டும் வேண்டவே வேண்டாம்; கடும் சூட்டில் நச்சுப்புகை வரும்.

பர்னர் நேரே சிலிண்டர் தலையில் உட்காரும் வகையா? அப்படியானால் காற்று வரும் பக்கம் மட்டும் மறையுங்கள். சுற்றி அடைத்தால் சூடு தேங்கிச் சிலிண்டர் வெடிக்கக்கூடும். அவ்வப்போது சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடேறினால் மறைப்பை எடுத்துவிடுங்கள்.

மிச்சத் தகட்டை இரண்டாக மடித்தால் பாத்திரத்துக்கு மூடி தயார்.

என்னைக் கேட்டால், கேஸை உண்மையாகவே மிச்சப்படுத்துவது பாத்திர உறைதான். காரின் முன்கண்ணாடிக்கு வைக்கும் பளபளப்பான வெயில் மறைப்பை வெட்டி, அலுமினிய டேப்பால் ஒட்டுங்கள். பாத்திரம் எளிதாக நுழையுமளவு தளர்வு இருக்கட்டும். நூடுல்ஸ் கொதித்ததும் அடுப்பை அணைத்து, மூடிய பாத்திரத்தை உறைக்குள் வையுங்கள். 10 நிமிடத்தில் வெந்திருக்கும். எரியும் அடுப்பருகே உறை போகவே கூடாது, உருகிவிடும்.

சிலிண்டரில் இருக்கும் பியூட்டேன் வாயு 0 டிகிரியை ஒட்டிய குளிரில் ஆவியாகாது. உறைபனி இரவுகளில் சிலிண்டரைத் தூங்கும் பைக்குள் வைத்துக்கொண்டால் காலையில் அடுப்பு மக்கர் செய்யாது.