மரப்பட்டையில் பூச்சி தேடும் இளம் படக்கலைஞருக்கு

மரத்தில் ஒளிந்திருக்கும் பூச்சியைக் காட்டிக்கொடுப்பது நிறம் அன்று, நிழல். பட்டையின் பழுப்பையும் பாசியின் திட்டுகளையும் அதன் உடம்பு அப்படியே வாங்கிக்கொண்டிருக்கும். ஆனால் உடம்புக்குத் தடிமன் இருக்கிறவரை நிழலை முழுதாக ஒழிக்க முடியாது. பட்டைக் கும்பிடுபூச்சி தட்டையாக ஒட்டிக் கிடப்பதும், அந்துப்பூச்சி இறக்கையைப் பட்டையோடு அழுத்திக்கொள்வதும் அந்த நிழலைக் குறைக்கத்தான். ஆகவே காலை இளவெயில் அடிமரத்தில் பக்கவாட்டாக விழும் வேளையே தேடுவதற்கு ஏற்றது. ஆளைக் கண்டால் பட்டைக் கும்பிடுபூச்சி மரத்தைச் சுற்றி மறுபக்கம் ஓடிவிடும். இருவராகப் போனால் ஒருவர் அந்தப் பக்கம் நின்றுகொள்ளலாம்.

பழகுவதற்கு மாமரத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. யூத்தாலியா அக்கோந்தியா என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு மாவிலையைத் தின்று வளர்கிறது. உடம்பு இலைப்பச்சை, முதுகின் நடுவே வெளிர்மஞ்சள் கோடு ஒன்று. இலையின் நடுநரம்பின் மேல் நீளவாக்கில் அது படுத்துவிட்டால், கோடு நரம்பாகிவிடுகிறது. இருபுறமும் இறகுபோல் கிளைத்த முட்கள் இலைமேல் படிந்து, உடம்பின் விளிம்பையும் நிழலையும் சேர்த்தே மறைக்கின்றன. இதை நேராகத் தேடினால் கிடைக்காது. கடிபட்ட இலை ஓரம், கீழ் இலையில் காயாத எச்சம், திடீரென்று தடித்துத் தெரியும் நரம்பு, இவைதாம் துப்பு.

நேர்முக ஃபிளாஷ் நிழலை அழித்துவிடுவதால், கண்ணுக்கு அகப்பட்ட பூச்சி படத்தில் தொலைந்துபோகும். ஃபிளாஷைக் கேமராவிலிருந்து பிரித்து, வெள்ளைத் துணியாலோ தாளாலோ மறைத்து, பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். 90 அல்லது 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில் எஃப் 8 முதல் 11 வரை வைத்து, கேமராவின் முதுகு பூச்சியின் உடம்புக்கு இணையாக இருக்கும்படி நிற்பது நல்லது. ஆட்டோஃபோகஸ் பட்டையின் மேட்டைப் பிடித்துக்கொள்ளும். கையால் ஃபோகஸை நிறுத்தி, பூச்சியின் கண் தெளியும்வரை நம் உடம்பை மெல்ல முன்னும் பின்னும் அசைப்பதே கைகண்ட முறை.

பூச்சி தெளிவாகத் தெரிய வேண்டும் என்று அதை எடுத்து வேறொரு இலையில் வைப்பது பெருந்தவறு. பறவையின் கண்ணிலிருந்து அதைக் காத்துவந்த ஒரே கவசம் அந்த இடம்தான். இலையைக் கிள்ளுவதும் கூடாது. முதல் படத்தை எட்ட நின்று, பூச்சி மறைந்திருக்கிறபடியே எடுக்க வேண்டும். பிறகுதான் நெருங்க வேண்டும். பலர் அந்த முதல் படத்தை எடுப்பதே இல்லை. மரத்தின் பெயரையும் நேரத்தையும் அன்றே குறித்துக்கொண்டால், அடுத்த நாள் அதே கிளைக்குத் திரும்பலாம். புழு பெரும்பாலும் பக்கத்து இலையில்தான் இருக்கும்.