கோப்பை யாருக்கு? – கால்பந்து லீக்கும் அதன் நிர்வாகமும்

கால்பந்துப் பருவம் நெருங்கும்போது, கொல்கத்தாவின் தேநீர்க் கடைகளிலும் புறநகர் ரயில் பெட்டிகளிலும் அலுவலக இடைவேளைகளிலும் ஒரே கேள்வியைச் சுற்றி விவாதம் எழுவது வழக்கம்: இவ்வாண்டு பட்டம் யாருக்கு? மோகன் பகானின் தற்காப்பு வலுவானதா, ஈஸ்ட் பெங்காலின் முன்னணி ஆட்டக்காரர்கள் கோல் அடிப்பார்களா என்று ரசிகர்கள் மணிக்கணக்கில் வாதிடுவர். கோவா, கேரளம், மணிப்பூர், மிசோரம் ஆகிய மாநிலங்களிலும் இதே நிலைதான். ஆனால் 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இவ்விவாதத்தின் பொருளே மாறிப்போயிற்று. கோப்பை யாருக்கு என்று கேட்டவர்கள், போட்டி நடைபெறுமா என்று கேட்கலாயினர்.

இந்த மாற்றம் எவ்வாறு நேர்ந்தது? லீக் போட்டி என்னும் அமைப்பு எத்தகைய பொருளாதார அடிப்படையில் இயங்குகிறது? அதன் நிர்வாகம் யார் பொறுப்பில் இருத்தல் வேண்டும்? விளையாட்டு வளர்ச்சியில் அக்கறை கொண்டோர் அனைவரும் ஆராய வேண்டிய கேள்விகள் இவை.

நூறாண்டு கடந்த மரபு

நம் நாட்டில் கால்பந்து ஆர்வம் தொலைக்காட்சியால் விளைந்ததன்று. ஆசியாவிலேயே மிகப் பழமையான கால்பந்துப் போட்டியான டுராண்ட் கோப்பை 1888இல் சிம்லாவில் தொடங்கிற்று. 1889இல் மோகன் பகானும், 1891இல் முகமதன் ஸ்போர்ட்டிங்கும், 1920இல் ஈஸ்ட் பெங்காலும் தோன்றின. கல்கத்தா லீக் 1898இல் ஆரம்பமாயிற்று. 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் அணி, ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவு அணியை 2–1 என்ற கணக்கில் வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது தேசிய உணர்வின் வரலாற்றிலும் இடம்பெற்ற நிகழ்ச்சியாகும். 1934 முதல் 1938 வரை முகமதன் ஸ்போர்ட்டிங் தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. 1970 முதல் 1975 வரை ஈஸ்ட் பெங்கால் தொடர்ந்து ஆறு முறை வென்றது.

1997 ஜூலை 13 அன்று சால்ட் லேக் அரங்கில் நடைபெற்ற ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி ஆட்டத்தைக் காண 1,31,000க்கும் மேற்பட்டோர் திரண்டனர். ஈஸ்ட் பெங்கால் வென்றால் சந்தையில் ஹில்சா மீனுக்கும், மோகன் பகான் வென்றால் பெரிய இறாலுக்கும் கிராக்கி ஏறும் என்பது கொல்கத்தாவாசிகள் அறிந்த செய்தி. இந்த ஆர்வம் பல தலைமுறைகளாகச் சேர்ந்த ஒரு சமூக மூலதனம் எனலாம்.

போட்டி என்னும் பண்டம்

சோப்புத் தயாரிக்கும் ஒருவர் தமது போட்டியாளர்கள் அனைவரையும் சந்தையிலிருந்து அகற்றிவிட்டால், அவருடைய இலாபம் பெருகும். விளையாட்டுத் துறையில் இந்த விதி பொருந்தாது. எதிரணி இல்லையேல் ஆட்டமே இல்லை. எதிரணி மிகவும் நலிந்ததாயின், ஆட்டம் இருந்தும் பார்ப்பவர் இல்லை. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் சைமன் ராட்டன்பர்க் 1956இலும், வால்டர் நீல் 1964இலும் வெளியிட்ட ஆய்வுரைகள் இக்கருத்துக்கு வழிகோலின. லீக் போட்டி என்பது பல கழகங்கள் கூடி உற்பத்தி செய்யும் ஒரு கூட்டுப் பண்டம். அப்பண்டத்தின் மதிப்பு முடிவை முன்கூட்டி அறிய இயலாமையில் அடங்கியுள்ளது.

இந்நோக்கில், பட்டம் யாருக்கு என்று ரசிகர்கள் வாதிடுவது வீண்பொழுது போக்குவதாகாது. லீக் நலமாக இருக்கிறது என்பதற்கு அதுவே அறிகுறி.

எனினும் நிச்சயமின்மை இரு வகைப்படும். ஆடுகளத்தில் எவர் வெல்வார் என்பது முதல் வகை. இது லீக்கின் செல்வம். போட்டி நடக்குமா, விதிகள் நிலைக்குமா, வென்றவருக்குரிய பரிசு கிடைக்குமா என்பது இரண்டாம் வகை. இது அச்செல்வத்தை அரித்துவிடும் நோய். முதல் வகையைப் பேணுவதும் இரண்டாம் வகையை நீக்குவதுமே நிர்வாகத்தின் கடமை. நம் கால்பந்து நிர்வாகத்தில் இவ்விரண்டும் இடம் மாறியதே சிக்கலின் மூலம்.

ஏணியும் கதவும்

தேசிய அளவிலான லீக் 1996–97இல் தொடங்கியது. முதல் பட்டத்தைப் பஞ்சாபின் ஜே.சி.டி. ஆலை அணி வென்றது. 2007–08இல் இது ஐ-லீக் என்னும் பெயரில் மாற்றியமைக்கப்பட்டது. 2014இல் எட்டு அணிகளுடன் இந்தியன் சூப்பர் லீக் தனியே தோன்றியது. இதில் இடம்பெற விளையாட்டுத் திறனைவிட முதலீட்டு வலிமையே தேவைப்பட்டது.

ஐ-லீக்கில் எதிர்பாராத வெற்றிகள் அரிதல்ல. சுமார் மூன்று லட்சம் மக்கள் வாழும் மிசோரம் தலைநகரின் ஐஸால் அணி, 2015–16இல் கீழ்ப்பிரிவுக்கு இறங்க நேர்ந்து, பின்னர் மீண்டும் சேர்க்கப்பட்டு, 2016–17இல் பட்டம் வென்றது. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து தேசிய லீக் பட்டம் வென்ற முதல் அணி அதுவே. 2018–19இல் கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணி, ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாகப் பெற்று, கடைசி நாள் ஆட்டத்தில் பட்டத்தை உறுதி செய்தது.

ஆனால் இவ்வெற்றிகள் அவ்வணிகளை மேலே கொண்டுசெல்லவில்லை. 2019இல் இந்தியன் சூப்பர் லீக் நாட்டின் முதல்நிலைப் போட்டியாக ஏற்கப்பட்டது. ஐ-லீக் வாகையர் தகுதியின் அடிப்படையில் மேல்நிலைக்கு உயரும் வழி 2022–23 பருவத்தில்தான் திறந்தது. பஞ்சாப் அணி முதலிலும், மறு ஆண்டு முகமதன் ஸ்போர்ட்டிங்கும் உயர்ந்தன. எனினும் மேல்நிலையில் கடைசி இடம் பெறும் அணி கீழிறங்க வேண்டும் என்ற விதி 2024–25 பருவத்திலும் நடைமுறைக்கு வரவில்லை. ஏணியில் ஏற வழியுண்டு, இறங்க வழியில்லை என்ற நிலையில், அட்டவணையின் கீழ்ப்பாதியில் நடக்கும் ஆட்டங்கள் பொருளிழந்து விடுகின்றன.

வாகையரை அறிவித்த நீதிமன்றம்

2024–25 ஐ-லீக் பருவம் தரும் பாடம் தெளிவானது. கடைசி ஆட்டங்கள் ஏப்ரலில் முடிந்தபோது சர்ச்சில் பிரதர்ஸ் 40 புள்ளிகளும், வாராணசியின் இன்டர் காசி 39 புள்ளிகளும் பெற்றிருந்தன. ஜனவரியில் நாம்தாரி அணியிடம் இன்டர் காசி தோற்ற ஆட்டத்தில், நாம்தாரி தகுதியற்ற ஆட்டக்காரர் ஒருவரைக் களமிறக்கியது என்பது வழக்கு. ஒழுங்குக் குழு இன்டர் காசிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டுக் குழு அதனை மாற்றியது. சர்ச்சில் வாகையராக அறிவிக்கப்பட்டது. இறுதியில் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றம், 2025 ஜூலை 18 அன்று இன்டர் காசியே வாகையர் என முடிவு செய்தது.

தீர்ப்பு சட்டப்படி சரியானதாக இருக்கலாம். ஆயினும் இறுதி ஆட்டம் முடிந்து மூன்று மாதங்கள் வரை வாகையர் எவர் என்பதே உறுதியாகாத லீக்கில், ரசிகர் எதைக் கொண்டாடுவார்? முதலீட்டாளர் எதை நம்புவார்?

ஒப்பந்தமும் வெற்றிடமும்

அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 2010 டிசம்பரில் தனது வணிக உரிமைகளை ஒரு தனியார் கூட்டு நிறுவனத்துக்கு 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய்க்கு வழங்கியது. சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 47 கோடி ரூபாய் என்னும் இத்தொகை சம்மேளனத்தின் முக்கிய வருவாயாயிற்று. இதனால் அரங்குகள் சீர்பெற்றன, ஒளிபரப்புத் தரம் உயர்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை. அதே வேளையில், ஒரே ஒப்பந்தத்தைச் சார்ந்து ஒரு நாட்டின் கால்பந்து முழுவதும் நிற்பதன் ஆபத்தும் வளர்ந்தது.

ஒப்பந்தக் காலம் முடிவதற்கு முன்பே புதுப்பிப்பு பற்றி உடன்பாடு ஏற்படாததால், 2025 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. சில கழகங்கள் ஊதியம் வழங்குவதையே நிறுத்தின. உச்சநீதிமன்றத்தின் வழிகாட்டுதலின் பேரில் கோரப்பட்ட ஒப்பந்தப்புள்ளிகளுக்கு, நவம்பர் 7ஆம் நாள் வரை ஒருவரும் முன்வரவில்லை. 2026 ஜனவரியில் மத்திய அரசின் தலையீட்டுக்குப் பின்னரே, 14 கழகங்கள் பங்கேற்கும் சுருக்கப்பட்ட போட்டி பிப்ரவரி 14 அன்று தொடங்கும் என அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் பாதிக்கப்பட்டோர் புகழ்பெற்ற வீரர்கள் மட்டுமல்லர்; இளம் ஆட்டக்காரர்கள், உடற்பயிற்சி உதவியாளர்கள், புல்தரைப் பணியாளர்கள், அரங்க வாயிலில் கொடி விற்பவர்கள் ஆகியோரின் வருவாயும் இப்போட்டியைச் சார்ந்ததே.

சம்மேளனமும் சட்டமும்

அரசியலமைப்பின்படி விளையாட்டு மாநிலப் பட்டியலில் உள்ளது. தேசியச் சம்மேளனமோ பதிவு பெற்ற ஒரு சங்கம். அது உலகச் சம்மேளனமான ஃபிஃபாவின் விதிகளுக்கும் கட்டுப்பட்டது. ஆகவே அரசு, நீதிமன்றம், உலக அமைப்பு என்ற முத்தரப்பின் நடுவே அது இயங்குகிறது. தேர்தல் உரிய காலத்தில் நடைபெறாத நிலையில், 2022 மே மாதம் உச்சநீதிமன்றம் நிர்வாகக் குழு ஒன்றை நியமித்தது. வெளியார் தலையீடு எனக் கூறி ஃபிஃபா அவ்வாண்டு ஆகஸ்டில் இந்தியாவை இடைநீக்கம் செய்தது. இடைநீக்கம் பதினைந்து நாட்களுக்குள் விலக்கப்பட்டது. எனினும் ஆசியப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் சென்றிருந்த கோகுலம் கேரளா மகளிர் அணி, ஆடாமலேயே திரும்ப நேரிட்டது. நிர்வாகத் தவற்றின் விலையை அதற்குச் சற்றும் பொறுப்பில்லாத பெண்கள் செலுத்தினர்.

2025 ஆகஸ்டில் நிறைவேறிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், சம்மேளனங்களை அங்கீகரிக்கத் தேசிய விளையாட்டு வாரியத்தையும், தகராறுகளைத் தீர்க்கத் தீர்ப்பாயத்தையும் அமைக்க வழி செய்கிறது. நிர்வாகக் குழுக்களில் விளையாட்டு வீரர்களுக்கும் மகளிருக்கும் இடம் அளிக்கிறது. சம்மேளனத்தின் புதிய அமைப்பு விதிகளுக்கு உச்சநீதிமன்றம் செப்டம்பரில் ஒப்புதல் வழங்கியது. இவை நற்றொடக்கங்கள்.

ரசிகரின் இடம்

ஆயினும் கட்டணம் செலுத்தி அரங்கை நிரப்பும் ரசிகருக்கு இவ்வமைப்பில் இன்னும் இடமில்லை. 2020இல் மோகன் பகான் ஏ.டி.கே. நிறுவனத்துடன் இணைந்தபோது, கழகப் பெயரின் முன் ஒட்டப்பட்ட அம்மூன்றெழுத்தை அகற்றக் கோரி ஆதரவாளர்கள் தொடர்ந்து குரல் எழுப்பினர். 2023இல் அது அகற்றப்பட்டது. வாக்குரிமை இருந்திருப்பின் மூன்றாண்டுகள் முழக்கமிடத் தேவை இருந்திராது.

ஜெர்மனியில், தனியார் முதலீட்டுக்கு வழிவிட்டபோதே, கழகத்தின் வாக்குரிமையில் பெரும்பான்மை உறுப்பினர்களிடமே இருத்தல் வேண்டும் என 1998இல் விதி செய்தனர். 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் பன்னிரண்டு பெருங்கழகங்கள் தங்களுக்கெனத் தனி லீக் அமைக்க முயன்றபோது, இங்கிலாந்து ரசிகர்கள் தெருவில் இறங்கினர். ஆறு ஆங்கிலக் கழகங்களும் ஓரிரு நாட்களில் பின்வாங்கின. அதன் தொடர்விளைவாக, 2025இல் கால்பந்துக்குத் தனியே ஒரு கண்காணிப்பு அமைப்பை ஏற்படுத்தும் சட்டம் அங்கே நிறைவேறியது.

செய்யத்தக்கவை

நம் நாட்டுக்கு ஏற்ற வழிகள் சிலவற்றைச் சுட்டலாம். வணிக உரிமை ஒப்பந்தங்கள் முடிவதற்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே புதுப்பிப்புப் பணி தொடங்குதல் வேண்டும். உயர்வும் இறக்கமும் ஒருசேர நடைமுறைக்கு வருதல் வேண்டும். ஆட்டம் தொடர்பான தகராறுகள், பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு முன்பே முடிவு பெறக் காலவரையறை தேவை. கழகங்களின் நிர்வாகத்தில் பதிவு பெற்ற ஆதரவாளர் சங்கங்களின் பிரதிநிதிக்கு இடம் அளித்தல் நலம்.

அரசின் கடமை கோப்பையைத் தீர்மானிப்பதன்று; கோப்பைக்கான போட்டி குறித்த நாளில், அறிவித்த விதிப்படி நடப்பதற்கு உகந்த சூழலை அமைப்பதே ஆகும். அந்த உறுதி கிடைத்துவிட்டால், பட்டம் யாருக்கு என்னும் விவாதத்தை ரசிகர்களே தொடர்ந்து நடத்திக்கொள்வர்.