'ஏலமலை மர்மம்' என்று பேர் வைக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கத்தில் மூன்று பக்கம் மலைப் பனியும் இருட்டும்தான். காணாமல் போன பெண்ணுக்குக் கால் பக்கம் ஒதுக்கியிருக்கிறாய். "கைக்குழந்தைக்காரி ஒருத்தி ஏலத்தோட்டத்துக்குப் போய்த் திரும்பவில்லை என்றால், அது ஏன் வருஷக்கணக்கில் துலங்காமல் கிடக்கிறது? அவளாகத்தான் போயிருப்பாளோ?" என்று கேட்கிறாய். இதை வீடியோ வேறு எடுக்கப்போகிறாயாம். 'ஏலமலை மர்மம்' என்று தலைப்பாம்.

மலை மேல் பழி போடாதே, ராசா. நீ போடிக்காரன், உனக்குத் தெரியாததா? விடியுமுன் ஜீப் கிளம்புகிறது. தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை என்று இறங்குகிறார்கள். கங்காணி பேர் எழுதுகிறார். சாயங்காலம் அவரவர் எடுத்த காயை எடை போடுகிறார்கள். ஏலச்செடி ஆளை மறைக்கும் உயரம், பத்தடி தள்ளி நிற்பவள் தெரியமாட்டாள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காய் எடுக்க வந்தவளை ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது எண்ணிவிடுகிறார்கள். கடைசியாக யார் பக்கத்தில் உட்கார்ந்தாள், யாரிடம் வெற்றிலை கேட்டாள் என்று சொல்ல பத்துப் பேராவது இருப்பார்கள். அன்றைக்கே கேட்டால் சொல்வார்கள். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் எந்தச் செவ்வாய்க்கிழமையை நினைவில் வைத்திருப்பார்கள்?

அன்றைக்கே ஏன் கேட்பதில்லை என்கிறாயா? நீ உன் கடிதத்தில் எழுதிய அதே வாக்கியத்தால்தான். 'அவளா போயிட்டா.' அதற்குப் பிறகு தேடுவது வெட்கக்கேடாகிவிடுகிறது. பெற்றவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். ஸ்டேஷனிலும் "எங்கேயாவது சொந்தக்காரங்க வீட்ல இருப்பா, ரெண்டு நாள் பாருங்க" என்று அனுப்ப வசதியாகிவிடுகிறது. இருபத்துநாலு மணி நேரம் பொறுத்துத்தான் புகார் தர வேண்டும் என்று நீயும் நம்புகிறாய். அப்படி ஒரு சட்டமே கிடையாது.

ஆலப்புழை மாவட்டம் மான்னாரில் சின்னக் குழந்தைக்குத் தாயான ஓர் இளம்பெண்ணைப் பற்றி ஊர் இதையேதான் சொன்னது. யாருடனோ போய்விட்டாள் என்று சுமார் பதினைந்து வருஷம் நம்பிக்கொண்டிருந்தார்கள். 2024 ஜூலையில், பெயரில்லாத கடிதம் ஒன்றின் பேரில் போலீஸ் வீட்டுக் கழிவுத் தொட்டியைத் தோண்டியது. கொலை வழக்குப் போட்டு, கணவர்தான் முதல் குற்றவாளி என்றது. அது போலீஸ் தரப்பு, தீர்ப்பு கோர்ட்டின் வேலை. ஆனால் அந்தப் பதினைந்து வருஷத்தை யார் திருப்பித் தருவது?

"அப்படியானால் எல்லாப் புருஷனும் கொலைகாரனா?" என்று நீ குதிப்பது கேட்கிறது. நான் அப்படிச் சொன்னேனா? 'பெத்த பிள்ளையை விட்டுட்டு எந்தத் தாயும் போகமாட்டா' என்று உன் அத்தை சொல்வாளே, அதுவும் தீர்ப்புதான். அடி பொறுக்காமல் போனவர்கள் உண்டு. பேறுகாலத்துக்குப் பின் மனம் உடைந்து, எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடந்தவர்கள் உண்டு. அவள் விரும்பியே போயிருந்தாலும் தேடுவதில் என்ன நஷ்டம்? மேஜரான பெண், வாக்குமூலம் கொடுத்துவிட்டுத் தன் வழியில் போகலாம். யாரும் இழுத்து வர முடியாது.

தேடினால் கிடைத்துவிடுவாளா என்றால், அதற்கும் உறுதியில்லை. எருமேலிப் பக்கம் ஒரு கல்லூரி மாணவி 2018 மார்ச் 22 அன்று முண்டக்கயத்து உறவினர் வீட்டுக்கு என்று கிளம்பினாள். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். கேரள போலீஸ் தேடியது. 2021-இல் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. கண்டுபிடிக்க முடியவில்லை என்று அவர்கள் 2024 ஜனவரியில் அறிக்கை வைத்தார்கள், அதே வருஷம் மே மாதம் கோர்ட் மறுபடி விசாரிக்கச் சொன்னது. இதற்கிடையில் 'பெங்களூரில் பார்த்தேன்' என்று புரளிகள். ஒவ்வொன்றின் பின்னாலும் போலீஸ் ஓட வேண்டியிருந்தது. உன் வீடியோ வந்தால் இன்னும் பத்துப் பேர் பார்த்திருப்பார்கள்.

சரி, உருப்படியாகக் கேட்ட ஒரே கேள்விக்கு வருகிறேன். வீடு போடியில், தோட்டம் இடுக்கியில், எந்த ஸ்டேஷன்? 'சம்பவம் அங்கே' என்று இவர்களும் 'ஊர் அங்கே' என்று அவர்களும் கைகாட்டத் தோதான எல்லைதான் அது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம். குற்றம் நடந்த சந்தேகம் இருந்தால் அதைப் புகாரிலேயே எழுதிக் கொடு. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதே, எஃப்.ஐ.ஆர். நகல் கேள். யாரோ அடைத்து வைத்திருப்பதாகச் சந்தேகம் வந்தால் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடலாம்.

போட்டோ விஷயத்தில் எல்லோரும் தப்புப் பண்ணுகிறார்கள். பட்டுப்புடவையும் நெற்றிச்சுட்டியுமாக இருக்கிற கல்யாணப் படத்தைப் போஸ்டரில் போடுகிறார்கள். தோட்டத்துக்குப் போகிறவள் முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டுமாக இருப்பாள், பெற்ற தாயே அடையாளம் காணத் தடுமாறுவாள். அப்படி ஒரு படம் யார் போனிலாவது இருக்கும், தேடு. அவள் பெட்டியைக் குடையாதே, துணியைத் துவைக்கவிடாதே. கடைக் காமிராப் பதிவுகள் சில வாரத்தில் அழிந்துவிடும், அதை முதலில் கேட்கச் சொல். மகளிர் உரிமைத் தொகை அவள் கணக்கில் ஏறுகிறதா, யாராவது எடுக்கிறார்களா என்று பேங்கில் விசாரிக்கச் சொல். மலையெல்லாம் டார்ச் அடிப்பதைவிட இது உபயோகம்.

ஏழு வருஷம் ஆனால் செத்ததாக எழுதிவிடுவார்கள் என்று பயந்திருக்கிறாய். தானாக யாரும் எழுதமாட்டார்கள். அவளைப் பற்றிச் சேதி வந்திருக்க வேண்டியவர்களுக்கே ஏழு வருஷம் எதுவும் வரவில்லையென்றால், உயிரோடு இருக்கிறாள் என்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்கிறது சட்டம், அவ்வளவே. பிள்ளையின் பேருக்குச் சொத்து மாற்றவோ சான்றிதழ் வாங்கவோ குடும்பம்தான் கோர்ட்டுக்குப் போக வேண்டும். போனால் தேடுவது நின்றுவிடாது, அம்மாவை மறந்ததாகவும் ஆகாது. அந்தக் குழந்தையின் பாட்டியிடம் இதை நிதானமாகச் சொல், உன் காமிராவை வீட்டில் வைத்துவிட்டுப் போய்.

அப்புறம், அவளை ஏற்றிப்போன ஜீப் டிரைவரை நீயே போய் மிரட்டிக் கேட்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம். அவர் பேரையும் வண்டி நம்பரையும் எழுதி இன்ஸ்பெக்டரிடம் கொடு. கொடுத்த காகிதத்தில் தேதி போட்டு ஸ்டேஷன் சீல் வாங்கு. அந்த நகலை எனக்கும் ஒன்று அனுப்பு.

அன்புடன்,
மாமா